முப்பத்தோராவது குழந்தை

"சார், முப்பதோட நிக்குது."

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, பள்ளி திறந்து பத்து நாட்களாகியிருந்த சமயத்தில், எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபின், அதே பள்ளியில் படித்தவன் என்ற உரிமையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் அங்கத்தினனாக அமர்ந்திருக்கும் எனக்கு, முப்பது என்ற அந்த எண்ணில் துக்கப்படுவதற்கு என்ன இருக்கிறது என்பது அப்போது விளங்கவில்லை. முந்தைய ஆண்டு முப்பத்தாறு பேர் இருந்தார்கள். ஏழு பேர் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போனார்கள். நான்கு பேரை வாசலுக்கே வேன் வருகிற தனியார் பள்ளிக்குப் பெற்றோர் மாற்றிவிட்டார்கள். புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். கணக்கு முப்பது. அதற்கென்ன?

"முப்பது வரைக்கும் பத்தாயிரம் சார். முப்பத்தொண்ணு ஆனாத்தான் இருபத்தஞ்சாயிரம்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு குழந்தையின் வரவில் பதினையாயிரம் ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற விஷயம் அவ்வளவு விசித்திரமாகவும் அவ்வளவு வேதனையாகவும் இருந்தது. இதை எழுதத் தூண்டியது அந்த இரவுதான். நிதி, மானியம், ஒதுக்கீடு என்ற சொற்களைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள் என்று வாசக நண்பர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இது நம் எல்லோருடைய குழந்தைகளின் விஷயம்.

முதலில் அந்த விதியைச் சொல்லிவிடுகிறேன். 'சமக்ர சிக்ஷா' என்று வழங்கும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் பள்ளி மானியம் என்று ஒரு தொகை வரும். முப்பது குழந்தைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. அதற்கு மேல் ஆயிரம் வரை 75,000. ஆயிரத்தையும் தாண்டினால் ஒரு லட்சம். சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பினாயில், மின்விசிறிப் பழுது, சுவருக்கு வெள்ளை, குழாய்க்கு வாஷர், இவையெல்லாம் இந்தத் தொகைக்குள்தான். பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. அது நல்ல நிபந்தனையே.

(விளையாட்டுச் சாமான்களுக்கும் நூலகத்துக்கும் தொடக்கப்பள்ளிகளுக்குத் தலா ஐயாயிரம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அதைக் கொண்டு குழாய் வாங்க முடியாது.)

மறுநாள் காலை நானும் தலைமையாசிரியையும் வீடு வீடாகப் புறப்பட்டோம். பள்ளி வயதில் இருந்தும் பள்ளிக்கு வராத குழந்தை எங்கள் ஊரில் இருக்காது என்றே நான் எண்ணியிருந்தேன். ஏரிக்கரையோரம் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்; கூடவே ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி, கையில் வேப்பங்குச்சியுடன், ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் போய் மூன்று மாதமாகிறது.

"ஆதார் அட்டை இன்னும் எடுக்கல டீச்சர். சேத்துக்குவாங்களா?" என்றாள் கிழவி.

"சேத்துக்குவோம் ஆயா. பொறந்த தேதி சீட்டு இல்லாட்டியும் சேத்துக்கணும்னு சட்டமே இருக்கு. நீங்க நாளைக்கு அனுப்புங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"காலைலயும் சோறு போடறாங்களாமே?"

"திங்கக்கெழம உப்புமா, சாம்பார்."

கிழவி பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். பேத்தி ஆடுகளைப் பார்த்தாள். மறுநாள் சேர்க்கைப் பதிவேட்டில் முப்பத்தோராவது வரி நிரம்பியது.

அந்த வரி எழுதப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைக்காக மட்டும் சந்தோஷப்பட முடியாமல், அதனோடு பதினையாயிரம் ரூபாயையும் சேர்த்து நினைக்கும்படி ஆகிவிட்டதே என்ற வருத்தமும் உள்ளே இருந்தது. ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வேளை அத்தனை சுத்தமானதாக இருக்க வேண்டியதல்லவா?

இனிச் சர்க்கார் பணம் எப்படி வருகிறது என்ற ஆராய்ச்சி.

முப்பது ஆண்டுகள் பேரேடு பார்த்துப் பழகியவன் என்ற தைரியத்தில், சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரவு செலவுத் திட்டப் புத்தகத்தை எடுத்தேன். பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. 2021-22-இல் அத்துறைக்கு 32,599 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025-26-இல் 46,767 கோடி. தமிழ்நாட்டின் துறைகளுக்குள் மிகப் பெரிய தொகைகளில் ஒன்று இது. இதற்காக எந்த அரசையும் மனமாரப் பாராட்டலாம். இந்த 46,767 கோடியை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று நினைத்துக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அது சரியான வழியில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்தத் தொகைக்குள் மேல்நிலைப்பள்ளிகளும் அடங்கும், 1854-ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் காலத்திலிருந்து வழிவழியாக வரும் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளமும் அடங்கும், அலுவலகங்களும் அடங்கும். அதே சமயத்தில், ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பல பொருள்கள் அந்தத் தொகைக்கு வெளியே நிற்கின்றன.

ஆகவே பென்சிலை வைத்துவிட்டு, அந்த ஆட்டுக்காரக் கிழவியின் பேத்தியையே தலை முதல் கால் வரை கணக்கெடுக்கத் தொடங்கினேன். அவள் கையில் இருக்கும் புத்தகத்தை அச்சிடுவது பாடநூல் கழகம். பணம் பள்ளிக்கல்வித் துறையுடையது. அவள் உடுத்தியிருக்கும் சீருடைக்குத் துணி வாங்குவது சமூக நலத் துறை. தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம். காலை உப்புமாவும் மதியம் முட்டையோடு வரும் சோறும் அதே சமூக நலத் துறையின் கணக்கு. பள்ளிக் கட்டிடத்தின் கூரை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கழிப்பறையைத் துப்புரவு செய்ய வரும் அம்மாளின் கூலி ஊரக வளர்ச்சித் துறையின் வழியாக வருகிறது. வகுப்பெடுக்கும் இரண்டு ஆசிரியைகளின் ஊதியம் மாதந்தோறும் கருவூலத்திலிருந்து, சூரியோதயம்போலத் தவறாமல், அவர்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. மானியக் கோரிக்கை 43-இன் மிகப் பெரும் பகுதி அந்த ஊதியந்தான். அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆசிரியர் இல்லாமல் பள்ளி இல்லை.

இத்தனை துறைகள் ஒரு குழந்தையின் பேரில் செலவிடுகின்றன.

இவற்றுள் தலைமையாசிரியை தன் கையால் எடுத்து, தன் புத்தியால் யோசித்து, தன் பள்ளிக்கு இன்று எது அவசியமோ அதற்குச் செலவிடக்கூடியது எது என்று பார்த்தால், மேலே சொன்ன பத்தாயிரம் அல்லது இருபத்தையாயிரத்தைத் தவிர வேறு இல்லை.

முழுத் தொகையும் வந்து சேர்ந்த ஒரு வருஷத்தின் ரொக்கப் புத்தகத்தை அவர் எனக்குக் காட்டினார். நீல மையில், ஒரு அடித்தல் திருத்தம் இல்லாத எழுத்து. வெள்ளையடிப்பு 6,500. கழிப்பறைக் கதவுக்குப் பலகை 2,800. குடிநீர்ச் சுத்திகரிப்பானுக்கு ஃபில்டர் 3,400. பினாயில், சோப்பு, துடைப்பம் 2,600. சாக்பீஸ், பதிவேடு, தாள் 2,900. மின்விசிறி ரெகுலேட்டரும் ஒயரும் 1,850. முதலுதவிப் பெட்டி மருந்து 750. தண்ணீர் மோட்டார் பழுது 4,200. கூட்டினால் சரியாக 25,000. ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் ஒட்டியிருந்தது. வங்கியில் நான் பார்த்த பெரிய நிறுவனங்களின் கணக்குகளில்கூட இத்தனை நேர்த்தியைக் கண்டதில்லை.

இந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டு வரும்போதுதான், அந்த முப்பது என்ற எல்லைக்கோட்டின் அநியாயம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. குழந்தைகள் முப்பத்தாறிலிருந்து முப்பதாகக் குறைந்தால் சுவரின் பரப்பு குறையுமா? மோட்டார் சிறியதாகிவிடுமா? கழிப்பறைக் கதவில் ஆறில் ஐந்து பங்கு போதுமா? பள்ளியின் செலவில் குழந்தைகளின் தலையை எண்ணிக் கூடுவதும் குறைவதும் சாக்பீஸ், சோப்பு போன்ற சில்லறைச் சாமான்கள் மாத்திரமே. மற்றதெல்லாம் கட்டிடம் இருக்கிற வரையில் இருந்தே தீரும். முப்பது பேருக்குப் பத்தாயிரம் என்றால் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 333 ரூபாய். பள்ளி நடக்கும் நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அந்த வருஷத்துக் கணக்கில் பத்தாயிரத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். வெள்ளையடித்து, பினாயில் வாங்கியதும் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். குழந்தைகள் குறைகிற பள்ளிதான் பொலிவோடு இருந்தாக வேண்டிய பள்ளி. வெள்ளையடிக்காத சுவரையும் உடைந்த கதவையும் கண்டு ஒரு தாய் தன் குழந்தையை வேனில் ஏற்றிவிடுகிறாள்; குழந்தை போனதால் மானியம் குறைகிறது; மானியம் குறைந்ததால் இன்னொரு கதவு உடைந்தபடியே நிற்கிறது. ஏழைக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடம் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏற்படுத்தியிருக்கிறதே, அந்த இடங்களுக்கான கட்டணத்தையும் பொதுப்பணந்தான் செலுத்துகிறது. அந்தக் குழந்தைகள் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே பணத்தில் ஒரு சிறு பங்கு எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்திருந்தால் அவர்களில் சிலர் இங்கேயே படித்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எந்தக் காசு வருகிறது என்ற விசாரம் இந்த மாகாணத்துக்குப் புதியதன்று. வெள்ளைக்காரன் காலத்தில், மாகாண மந்திரிகளின் கையில் கல்வி இலாகா கொடுக்கப்பட்டபோது, அவர்களுக்கு வருமானம் தரும் பெரிய இனங்களுள் ஒன்றாக இருந்தது கள், சாராயத்தின் மீதான ஆப்காரி வரி. குடிகாரன் குடித்தால்தான் குழந்தை படிக்கலாம் என்ற அந்த நிலைமை காந்தியடிகளை மிகவும் வருத்தியது. 1937-இல் அவர் ஆதாரக் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம். அதே ஆண்டில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, அதனால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரியை ஏற்படுத்தினார். இன்று நாம் கடையில் செலுத்தும் ஜி.எஸ்.டி.யின் மாநிலப் பங்குக்கு மூதாதை அதுவே. மது விற்பனையின் வரி, பெட்ரோல் மீதான வரி, பத்திரப்பதிவுக் கட்டணம், வாகன வரி எல்லாம் மாநிலத்தின் தொகுப்பு நிதி என்ற ஒரே ஏரியில் விழுந்து, அங்கிருந்து மடை மடையாகப் பிரிகின்றன. எந்தத் துளி எங்கள் பள்ளிக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பள்ளி மானியம் அந்த ஏரியிலிருந்து மாத்திரம் வருவதன்று. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. பின்னர் மத்திய அரசு திட்டங்களை வகுக்கவும் அவற்றுக்குப் பணம் தரவும் தொடங்கியது. வருமான வரியின் மேல் இப்போது 4 சதவீதம் சுகாதாரம் மற்றும் கல்வி மேல்வரி (செஸ் என்று சொல்வோமே, அது) வசூலாகிறது. சாதாரண வரியாக இருந்தால் பதினைந்தாவது நிதிக்குழு சொன்னபடி 41 சதவீதம் மாநிலங்களுக்குப் பங்காக வந்திருக்கும். மேல்வரி என்பதால் அதில் பங்கு கிடையாது. அந்தப் பணம் மத்திய கஜானாவில் இருந்துகொண்டு, திட்டம் என்ற உருவத்தில், நிபந்தனைகளோடு, நூற்றுக்கு அறுபது அவர்கள், நாற்பது நாங்கள் என்ற விகிதத்தில் இறங்கி வருகிறது. 2018-இல் பழைய திட்டங்களை ஒன்றாக்கிப் பிறந்த சமக்ர சிக்ஷாவின் விகிதம் இதுவே.

பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கும் அதன் வழியாக 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்கும் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால், சமக்ர சிக்ஷாவின் கீழ் 2024-25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கையே அந்த ஆண்டில் இந்தப் பிணக்கினால் பல மாதம் தள்ளிப்போயிற்று. மும்மொழி, இருமொழி விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு, அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே நான் சொல்ல வருவது, 46,767 கோடிக்கு முன்னால் இந்த 2,152 கோடி இருபதில் ஒரு பங்குகூட ஆகாது; ஆனால் பகுதிநேர ஆசிரியரின் ஊதியம், மாற்றுத்திறன் குழந்தைக்கு வரும் சிறப்பாசிரியர், தூரத்துக் குக்கிராமத்துக் குழந்தையின் வண்டிச் செலவு, பள்ளி மானியம் என்று, நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுகிறவர்களெல்லாம் இந்த இருபதில் ஒரு பங்கில்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். மத்திய அரசின் பணம் வராவிட்டாலும் இவற்றை நிறுத்தாமல் சொந்த நிதியிலிருந்தே நடத்துவதாக மாநில அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லியது. அது சரியான காரியம். அதை ஒரு வருஷத்துச் சமாளிப்பாக வைத்துக்கொள்ளாமல் நிரந்தர ஏற்பாடாகச் செய்துவிட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

காமராசர் காலத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு எங்கள் ஊர்த் திண்ணையில் முடியாது. அப்போது நிதியும் கல்வியும் சி. சுப்பிரமணியம் என்ற ஒரே அமைச்சரின் கையில் இருந்தன. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊரார் நிலமும் பெஞ்சும் மணியும் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியின் வெண்கல மணி அப்படி வந்ததுதான் என்று என் தகப்பனார் சொல்வார். இன்றும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022-இல் ஏற்பட்ட திட்டத்தின் மூலம் பழைய மாணவர்களும் நிறுவனங்களும் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், மணியும் மேடையும் கணினியும் கொடுக்கட்டும். ஆனால் பினாயிலுக்கும் வாஷருக்கும் ஒரு தலைமையாசிரியை கை நீட்டும்படி வைக்கலாகாது. வசதியுள்ள பழைய மாணவர்கள் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

நவம்பர் மழையில் மோட்டார் மறுபடியும் எரிந்தது.

அன்று நான் பள்ளியில் இருந்தேன். காயில் கட்டும் பையன் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, தரையில் வைத்தான். எரிந்த வார்னிஷ் நெடி வகுப்பறை வரை வந்தது. குழந்தைகள் இரண்டு நாளாக வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். கழிப்பறைக்கு எதிர்வீட்டு அடிபம்பிலிருந்து வாளியில் சுமந்தது துப்புரவு அம்மாள். மோட்டார் பழுதுக்கு ஆகமொத்தம் 3,800 ரூபாய். பள்ளிக் கணக்கில் அன்று இருந்தது நானூற்றுச் சொச்சம். தலைமையாசிரியை தம் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"பில்லு யாரு பேருக்குப் போடறது டீச்சர்?"

"பேரு வேணாம்ப்பா. பணம் வாங்கினேன்னு மட்டும் எழுதிக் குடு."

நான் பாதியாவது கொடுக்கிறேன் என்றேன். "அடுத்த தடவை நீங்க குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து சிறிய டைரி ஒன்றை எடுத்துத் தொகையைக் குறித்துக்கொண்டார். ரொக்கப் புத்தகத்தில் இடமில்லாத செலவுகள் அந்த டைரியில் இருக்கின்றன. எத்தனை வருஷத்துக் குறிப்பு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மூடி வைத்தார். அந்த 3,800 ரூபாய் கோரிக்கை எண் 43-இலும் இல்லை, சமூக நலத் துறையின் 45-இலும் இல்லை, அறுபது நாற்பதிலும் இல்லை. இதுபோன்ற டைரிகள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை கைப்பைகளில் இருக்குமோ என்ற நினைப்பு அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். பள்ளி மானியத்தில் ஒரு நிலையான பகுதி வேண்டும். அது வகுப்பறை, கழிப்பறை, குழாய், மோட்டார் ஆகியவற்றை எண்ணித் தீர்மானிக்கப்பட வேண்டும். குழந்தைக் கணக்கு அதற்கு மேல் வரட்டும். அந்த நிலையான பகுதியை மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்தே, பள்ளி திறக்கும் நாளில், ஆசிரியர் சம்பளத்தைப் போலத் தவறாமல் பள்ளிக் கணக்கில் சேர்க்க வேண்டும்; மத்திய அரசோடு உள்ள வழக்கைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். குழுவில் இருந்த தாய்மார்கள், தலைவி உள்பட, எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி, தன் மகள் பக்கத்தில் நிற்க, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். தீர்மானம் மேலே போயிருக்கிறது. வேறு பள்ளிகளில் குழு உறுப்பினராக இருக்கும் நண்பர்கள் இதை அப்படியே எடுத்து உங்கள் கூட்டத்திலும் வையுங்கள்; சொற்களை மாற்றிக்கொள்ள உங்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு.

மோட்டார் ஓடத் தொடங்கிய அன்று மதியம், சாப்பாடு முடிந்து குழந்தைகள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வழக்கம்போலத் தலைகளை எண்ணி, "முப்பத்தொண்ணு" என்றார். ஆட்டுக்காரப் பாட்டியின் பேத்தி தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறிவிட்டு, விரல்களை மடக்கிச் சிறிது நேரம் யோசித்தாள்.

"எங்க ஆடு பதினொண்ணு டீச்சர். அதையும் சேத்தா நாப்பத்தி ரெண்டு."